இடது குதிகால்

கலையரசன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிவைத்தான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், உரக்கடை மாடியில் இருந்தது அவன் ஸ்டுடியோ. சுவர் முழுக்க மஞ்சள் நீராட்டு விழா ஆல்பங்களின் அட்டைகள். ஏசி ஓடியது. ஆனாலும் கீழிருந்து உர வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. நானும் அத்தையும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம்.

திரையில் என் மனைவி பானுப்ரியா ஒரு கல்யாண மண்டபத்துப் படிகளில் இறங்கி வந்தாள். பச்சைப் பட்டு, கையில் அட்சதைத் தட்டு, அவள் ஒருநாளும் வைத்திராத அளவுக்குப் பெரிய பொட்டு. பாதிப் படியில் தலையைத் திருப்பினாள். திருப்பியதும் வேறு யாரோ ஆனாள். மீண்டும் நேரே பார்த்தபோது ஏறக்குறைய பானு. கீழே வந்து, கையை உயர்த்தி, அங்கே இல்லாத யாரையோ ஆசீர்வதித்தாள். புடவைக் கொசுவம் தண்ணீர்போல அலைந்தது. பட்டு அப்படி அசையாது.

பானு போன குளிர்காலத்தில் டொரண்டோவில் இறந்துபோனாள். இப்போது அவள் தங்கை சிவரஞ்சனிக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்தில் எல்இடி திரையில் பானு வந்து தங்கையை வாழ்த்த வேண்டும் என்று பானுவின் அம்மா, என் அத்தை சிந்தாமணி ஆசைப்பட்டாள். நாங்கள் பார்த்தது அதற்கான முதல் மாதிரி.

"இப்ப எல்லா விசேஷத்துக்கும் இத கேக்குறாங்க சார்," என்றான் கலையரசன். "செத்துப்போன அப்பா வந்து மாலை எடுத்துக் குடுக்குற மாதிரி, ஆயா வந்து துண்ணூறு பூசுற மாதிரி. போட்டோ குடுத்தா ஏஐல போட்டு எடுத்துடுவேன். தலையத் திருப்புனா மட்டும் ஆள் மாறிடுது. நீங்க வெளிநாட்டுல இதே தொழில்ல இருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. அதான் வரச் சொன்னேன்."

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். அவன் போட்டான்.

"மூஞ்சி அவ மூஞ்சி இல்ல," என்றாள். "அத நீங்க சரிபண்ணிக் குடுங்க தம்பி. நட மட்டும் நல்லாருக்கு. நடய மாத்த வேணாம்."

பானுவின் இடது கால் சற்றுக் குட்டை. சிறுவயதில் மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் ட்ரெய்லரிலிருந்து விழுந்து, கட்டுப் போட்ட இடத்தில் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. வலி கிடையாது. ஓடுவாள், மாடியேறுவாள். நடக்கும்போது இடது குதிகால் மட்டும் தரையைத் தொடாது. வலது கால் நன்றாக ஊன்றி நிற்கும். இடது கால் நுனியால் தொட்டு உடனே எழும்பும். உடம்பு ஒருகணம் இடப்பக்கம் சாய்ந்து, எதையோ மறந்து நினைவு வந்ததுபோல நிமிரும். திரையில் இறங்கி வந்தவள் இரண்டு குதிகாலையும் சமமாக வைத்து இறங்கினாள்.

நான் சரி என்றேன். அந்த மாதங்களில் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேப்பந்தட்டை பஸ்ஸில் திரும்பும்போது, நடையை ஏன் மாற்றக்கூடாது என்பதற்கு அத்தை காரணம் சொன்னாள். மாப்பிள்ளை வீடு அரியலூர். பையன் அஜித்குமார் சிமெண்ட் ஆலையில் லேபில் இருக்கிறான். நல்ல குடும்பம்தான். ஆனால் பையனின் அம்மா இதற்குமுன் ஒரு பெண்ணை, அவள் தம்பிக்குக் காது கேட்காது என்பதற்காக வேண்டாம் என்று சொன்னவள். பானுவின் காலைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. தரகர் சொல்லவில்லை. ஊரும் சொல்லவில்லை. கீழே விழுந்து வந்த காலுக்கும் சிவரஞ்சனிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வுழுந்துதான் வந்துச்சின்னு சொன்னா யார் தம்பி நம்புவா? ஒங்க வூட்டு ஆளுவளே நம்பல."

அது உண்மை. பிறவிக் குறை என்றே என் வீட்டில் சொன்னார்கள். பெண் பார்க்கப் போன அன்று நாங்கள் வருமுன்பே பானுவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். காபியை வேறு யாரோ கொண்டுவந்தார்கள். கும்பிட்டபோதும் எழவில்லை. பட்டும் நகையுமாக அசையாமல் இருந்தாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கிளம்பி தெருமுனை வரை வந்தபிறகு என் போனை மறந்து வைத்துவிட்டது தெரிந்து நான் மட்டும் திரும்பிப் போனேன். பானு களத்தில் காயும் வெங்காயத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகி, என் போனை எடுத்துக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நின்றால் தெரியாது. நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. "பார்த்தாச்சில்ல, போயி சொல்லிக்குங்க" என்று போனை நீட்டினாள். நான் வீட்டுக்குப் போய்ச் சம்மதம் என்றேன்.

என் தொழிலே அசைவைப் பார்ப்பது. குரும்பலூரில் பிறந்து, திருச்சியில் விஸ்காம் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஒருவன் கையைத் தூக்கத் தொடங்கும் படமும், தூக்கி முடித்த படமும் அமெரிக்காவிலிருந்து வரும். நடுவில் இருப்பவற்றை நாங்கள் வரைவோம். எங்கிருந்து வருகிறான், எங்கே போகிறான் என்பது தெரியாது. நடுப்பகுதி மட்டும். பிறகு டொரண்டோவில் ஒரு கல்லூரியில் அனிமேஷன் டிப்ளமோ. படித்து முடித்ததும் விளம்பர எழுத்துகளை ஆடவைக்கும் வேலை. பிறகு நகரின் கிழக்கே ஸ்கார்பரோவில் இருந்த ஈழத்துப் பையன்கள் சிலர் பாட்டுப் போட்டார்கள். அவர்களிடம் பணமில்லை. ஆட்களை வைத்துப் படம்பிடிக்க வழியில்லாததால் வரைந்து தரச் சொன்னார்கள்.

முதல் பாட்டுக்குப் பனித்தெருவில் ஒரு பெண் நடந்துபோக வேண்டும். அவ்வளவுதான் கதை. கல்யாணமாகி பானு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் இருந்த நீண்ட நடைபாதையில் அவளை நடக்கச் சொல்லி போனில் எடுத்தேன். அதன்மேல் வரைந்தேன். எடுத்ததை எடுத்தபடி வரைந்தேன். குதிகால் தொடவில்லை. பாட்டு யூடியூபில் பரவியது. எல்லோரும் பேசியது அந்தப் பெண்ணின் நடையைப் பற்றி. அடுத்த பாட்டுக்கும் அதே பெண் வேண்டும் என்றார்கள். அதற்கடுத்தும். பாடகர்கள் மாறினார்கள், அவள் மாறவில்லை. மழையில் நடந்தாள், கடலின்மேல் நடந்தாள், மேம்பாலத்தடியில் நடந்தாள். மாண்ட்ரியாலில் ஒரு விழாவில் திரையிட்டார்கள். புலம்பெயர்ந்தவர்களின் கால் எந்த மண்ணிலும் முழுதாக ஊன்றுவதில்லை என்பதற்கு அந்த நடை ஒரு குறியீடு என்று ஒருவர் எழுதினார். அதை பானுவுக்குத் தமிழில் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மக்காச்சோள ட்ரெய்லர்லேர்ந்து வுழுந்ததுன்னு அந்தாளுக்கு ஒரு லெட்டர் போடுங்க. என் காலுக்குத் தனியாச் சம்பளம் குடுங்க டைரக்டரே."

அவள் அங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். ஜனவரியில் ஒரு காலை, பஸ் நிறுத்தத்தில் விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. விழுந்ததால் வெடிக்கவில்லை, வெடித்ததால் விழுந்தாள். டாக்டர் எனக்குப் படம் காட்டி விளக்கினார். நான் அத்தைக்குப் போனில் விளக்கினேன். பலமுறை விளக்கினேன். அத்தை கேட்டுக்கொள்வாள். கடைசியில், "காலு நல்லா இருந்திருந்தா ஐசுல வழுக்கி வுழுந்திருக்க மாட்டா தம்பி" என்பாள். ஐஸ் என்று நான் சொன்னதே இல்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. இப்போது நான் மறுப்பதில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. எரியூட்டும் கூடத்தில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். ஊரில் டிவியில் இணைத்துப் பார்த்தார்கள். தெருவே வந்து உட்கார்ந்திருந்ததாம். சிக்னல் நின்று நின்று வந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் பானுவின் முகம் அப்படியே நின்றுவிட்டது, பிறகு கறுப்பு. சாம்பலில் கொஞ்சம் கொண்டுவந்தேன். மாமனாரும் நானும் கொள்ளிடத்தில் கரைத்தோம். அத்தை வரவில்லை. சாம்பலை வைத்து அவளால் எதையும் நம்ப முடியவில்லை.

ஊரில் சிலர் சிவரஞ்சனியை எனக்கே கட்டிவைத்துவிடலாம் என்று பேசியிருக்கிறார்கள். அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். இவளாவது கண்முன்னால் இருக்கட்டும் என்றாளாம். அவசரமாக மாப்பிள்ளை தேடியதும் அதனால்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. எனக்கு எதிலும் வருத்தமில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டேன். தூங்கச் சொன்னால் படுத்தேன். டொரண்டோவில் ஒரு பாட்டு பாதியில் நின்றது. பாடகர் குரல்செய்தி அனுப்புவார். நான் கேட்பதில்லை.

நிச்சயத்துக்கு முந்தைய வாரம் மாமனார் அய்யம்பெருமாள் என்னை அரியலூருக்கு அழைத்துப்போனார். மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டோம். அஜித்குமாரின் அம்மா என் தட்டில் மீனை வைத்துக்கொண்டே பானுவின் சாவைப் பற்றி விசாரித்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது அப்படி உண்டா என்று கேட்டார். மாமனார் தண்ணீர் குடித்தார். இல்லை என்று நான் சொன்னேன்.

சாப்பிட்டதும் அஜித்குமார் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனான். சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. சாலையோரப் புளியமரங்களின் இலைகூட வெள்ளையாக இருந்தது. கடைக்காரர் டீ கிளாஸ்மீது தட்டு போட்டு மூடிக் கொடுத்தார். அஜித்குமார் துறுதுறுவென்ற பையன். போனில் ரீல்ஸ் எடுப்பான். கொஞ்சநேரம் ஆலையைப் பற்றிப் பேசினான். பிறகு போனை எடுத்து என் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினான். மேம்பாலத்தடியில் நடப்பது.

"அண்ணா, நீங்கதான் இதப் பண்ணுனதுன்னு போன வாரம்தான் தெரியும். காலேஜ் படிக்கறப்ப ஹாஸ்டலே இதத்தான் பார்ப்போம். ஒண்ணு கேக்கணும். எல்லாத்துலயும் அந்தப் பொண்ணு ஒரு மாதிரி சாஞ்சு நடக்குதுல்ல. அது என்ன?"

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது முழுதாகப் போகும்வரை காத்திருந்தேன்.

"ஸ்டைல்," என்றேன். "அது ஒரு ஸ்டைல்."

"சும்மா சொல்லக்கூடாதுண்ணா. அதப் பார்த்தா, பக்கத்துல போயி கையப் புடிச்சுக்கணும்னு இருக்கும்."

டீ காசை அவன்தான் கொடுத்தான். சகலைக்கு முதல் டீ என்று கடைக்காரரிடம் சொன்னான். திரும்பும்போது அவன் பின்னால் உட்கார்ந்து அவன் தோளில் கைவைத்திருந்தேன். சொல்லியிருக்கலாம். இறங்கியபிறகும் சொல்லியிருக்கலாம். அவன் அம்மா வாசலில் நின்றிருந்தார்.

கலையரசனின் மாதிரியை விட்டுவிட்டு, வீடியோவைப் புதிதாகச் செய்ய ஒரு நடை தேவைப்பட்டது. என் ஹார்ட் டிஸ்கில் பானுவின் நடைகள் நிறைய இருந்தன. அவள் போனபிறகு நான் அதைத் திறக்கவில்லை. முகத்துக்காகத் திறக்க வேண்டியிருந்தது. நடைபாதையின் மஞ்சள் விளக்கில் அவள் என்னை நோக்கி வந்தாள், என்னைத் தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள். ஒவ்வொன்றின் முடிவிலும் கேமராவை மறைத்துக் கையை நீட்டி, "போதுமா டைரக்டரே" என்றாள். ஒன்றில், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறக்க, அவள் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தமிழில் என்னைத் திட்டினாள். நான் ஒலியை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கண், புருவம், தலை திரும்பும் கோணங்கள். கழுத்துக்குக் கீழே இருந்ததை வெட்டினேன். அழுகை வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன்.

எந்தப் படத்திலும் அவள் நேராக நடக்கவில்லை. அதனால் வேறு உடம்பு வேண்டும். அக்காவின் உயரமும் தோளும் சிவரஞ்சனிக்கு உண்டு. வீட்டு மொட்டைமாடியில், மிளகாய் காய்ந்த பாயை ஓரமாக இழுத்துவிட்டு, பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு அவள் நடந்தாள். நான் எடுத்தேன். வெயில் இறங்கும் நேரம். மேற்கே பச்சைமலை மங்கலாகத் தெரிந்தது. அவளுக்குக் கூச்சம். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாம்முறை சரியாக வந்தது.

"மாமா, அக்கா மாதிரியே நடக்கட்டுமா?" என்றாள். "எனக்கு நல்லா வரும். சின்னப்புள்ளையில நடந்து காட்டி அம்மாகிட்ட வெளக்கமாத்தால வாங்கியிருக்கேன்."

"வேணாம்."

அவள் தண்ணீர்த்தொட்டித் திண்டில் உட்கார்ந்தாள். பிறகு, அஜித்திடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். தினமும் போனில் பேசுகிறானாம். பேச்சில் அக்கா வந்தால் இவள் வேறெதையாவது பேசிவிடுகிறாளாம். தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்று அம்மா குலசாமிமேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

"அப்பறம் சொன்னா ஏமாத்துனதா ஆவாதா மாமா?"

நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, மிளகாய்ப் பாயைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டுக் கீழே போனாள்.

நிச்சயதார்த்தம் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தட்டு மாற்றியதும் கலையரசன் விளக்குகளை அணைத்தான். எல்இடி திரையில் பானு வந்தாள். நான் செய்த வேலைகளிலேயே சுத்தமானது அதுதான். பட்டு, பட்டுபோல அசைந்தது. தலை திரும்பியபோதும் பானுவாகவே இருந்தாள். படியிறங்கி, இரண்டு குதிகாலும் ஊன்ற நடந்து முன்னால் வந்து, கையை உயர்த்தினாள். அட்சதை விழுந்தது. மண்டபத்தில் பெண்கள் சத்தமாக அழுதார்கள். மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். மேடையில் சிவரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள். அது தன் நடை என்று அவளுக்குத் தெரியும்.

அத்தை எழுந்து திரைக்கு அருகில் போனாள். எல்லோரும் பானுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை காலைப் பார்த்தாள். கிட்டப் போகப் போக படம் புள்ளிகளாகச் சிதறும் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் நிற்கவில்லை. குனிந்து, சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னிய அந்தப் புள்ளிகளில் இடது பாதம் இருந்த இடத்தைத் தொட்டாள். படம் முடிந்து திரை கறுத்தது. அவள் கை அங்கேயே இருந்தது. கலையரசன் என்னைப் பார்த்தான். மறுபடி போட்டான்.

"என்ன லட்சணமா நடக்குறா," என்றார் அஜித்குமாரின் அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம். "நூறு வயசு இருக்க வேண்டிய பொண்ணு."

பந்தியில் அஜித்குமார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. பேச்சை மாற்ற விரும்பியவன்போல, "இதுல ஒங்க ஸ்டைல் இல்லையேண்ணா" என்றான். நான் இலையில் தண்ணீர் தெளித்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு பூவாடைக்குப் படைத்தார்கள். பூவும் பொட்டுமாக இறந்த பெண்ணை, அந்தக் குடும்பத்தில் ஒரு நல்லது நடக்குமுன் அழைத்துவந்து, புடவை வைத்துப் படைப்பது இங்கே வழக்கம். ஏரியிலிருந்து அழைக்க வேண்டும். அவள் வந்து உத்தரவு சொன்னால்தான் தாலிக்குப் பொன்னுருக்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் இதற்கு வருவதில்லை. ஆனால் அஜித்குமார் வந்துவிட்டான். வீடியோ எடுக்க வேண்டும் என்றான். இதெல்லாம் யாரும் எடுப்பதில்லை அண்ணா என்றான். அத்தைக்குப் பிடிக்கவில்லை. வந்த மாப்பிள்ளையை எப்படிப் போகச் சொல்வது?

வெயில் தாழ்ந்ததும் ஏரிக்குப் போனோம். பங்காளிகள், பெண்கள், பம்பைக்காரர்கள் இரண்டு பேர். ஏரியில் பாதிக்குத்தான் தண்ணீர். கரையில் மஞ்சளில் ஒரு முகம் பிடித்துவைத்து, வேப்பிலை செருகிய குடத்தை முன்னால் வைத்தார்கள். மூத்த பம்பைக்காரர் பிச்சைமுத்து விவரம் கேட்டார். மாமனார் சொன்னார். கனடாவில் செத்தது என்றதும் அவர் பம்பையை மடியில் இறக்கிவைத்தார்.

"கடல் தாண்டிப் போனவங்கள நான் கூப்புட்டதில்லீங்களே. சாம்பல எங்க வுட்டீங்க?"

"கொள்ளிடத்துல."

"அப்பச் சரி. தண்ணிக்கு வழி தெரியும்."

கூட்டத்தில் யாரோ, பாஸ்போர்ட் இல்லாம எப்புடி வரும் என்று மெல்லச் சொன்னார்கள். இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். பம்பை தொடங்கியது. அவர் பெயர் சொல்லி அழைத்தார். பிறந்த வீட்டைச் சொன்னார், என் வீட்டைச் சொன்னார், தங்கைக்குக் கல்யாணம் என்று சொன்னார். என்ன குறை, யார்மேல் வருத்தம், வந்து சொல்லு என்றார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சிவரஞ்சனிமேல் வரும் என்று பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் கண்கள் தெளிவாக இருந்தன. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

அத்தை தண்ணீருக்குள் இறங்கினாள். யாரும் சொல்லவில்லை. இடுப்பளவு போய், முங்கி எழுந்தாள். அவிழ்ந்த தலையோடு கரையேறி, குடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அதுவரை அருள் வந்ததில்லை என்று பின்னால் சொன்னார்கள். கத்தவில்லை, ஆடவில்லை. பிச்சைமுத்து கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள். பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

அத்தை காட்டு வேலை செய்தவள். இரண்டு குதிகாலும் மண்ணை இடிக்க நடப்பாள். அவள் மாடியேறினால் கீழே சமையலறையில் தெரியும். அந்த நடையை நான் பல வருடமாகக் கவனித்திருக்கிறேன். ஏரிக்கரையில் அவள் இடப்பக்கம் சாய்ந்தபோது கரைச் சரிவு என்றுதான் நினைத்தேன். கரை முடிந்து சிமெண்ட் ரோடு வந்தது. ரோடு சமம். வலது கால் ஊன்றி நின்றது. இடது கால் நுனியால் தொட்டு உடனே எழும்பியது. உடம்பு சாய்ந்து, எதையோ மறந்து நினைவு வந்ததுபோல நிமிர்ந்தது. குடத்தின் பாரம் என்று சொல்லலாம். வயதான முழங்கால் என்றும் சொல்லலாம். குடம் அசையவில்லை. என் கை தானாக எண்ணியது. தொடைமேல் விரல்கள் தாளம்போட்டன. ஊன்றல், தொடுதல், சாய்வு, நிமிர்வு. நான் ஆயிரம்முறை வரைந்தது.

பெண்கள் குலவை போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி, "பானு" என்றாள். அவ்வளவுதான். மாமனார் அஜித்குமாரைப் பார்த்தார். சிவரஞ்சனியும் பார்த்தாள்.

அவன் ரோட்டின் நடுவில், நேர் எதிரே, போனைப் பிடித்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தான். சிறிய திரையில் அத்தை அவனை நோக்கி வந்துகொண்டிருந்தாள். முதலில் அவன் திரையைத்தான் பார்த்தான். பிறகு திரைக்கு மேலாக நேரே பார்த்தான். நின்றுவிட்டான். அத்தை அவனைத் தாண்டிப் போனாள். அவன் திரும்பி என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். நான் பார்வையை விலக்கவில்லை. விலக்கத் தோன்றவில்லை. போன் கையோடு கீழே இறங்கியது. அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டை எடுத்துக்கொண்டிருந்தது.

பம்பைச் சத்தம் தெருவுக்குள் திரும்பியது. கூட்டம் ரோட்டின் இரண்டு ஓரங்களிலும் ஒதுங்கிப் பின்னால் போனது. நடுவில் ஈரத் தடங்கள் இருந்தன. வலது பாதம் முழுதாக, குதிகால் வரை. இடது பாதம் விரல்களும் முன்பாதியும் மட்டும். வெயில் குடித்த சிமெண்டில் அவை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. அஜித்குமார் குனிந்து பார்த்தான். அவனுடைய இடது செருப்பு ஒரு தடத்தின் விளிம்பில் இருந்தது. காலை மெல்ல எடுத்துத் தள்ளிவைத்துக்கொண்டான்.